எலும்புக்கூடு வாள் வீசியது எப்படி? ஸ்டாப் மோஷன் பற்றி ஓர் எளிய விளக்கம்

டிவியில் பழைய மாயாஜாலப் படம் ஓடினால், வீட்டில் யாராவது ஒருவர் "அந்தக் காலத்து கிராபிக்ஸ்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பூதமோ, டிராகனோ, ஏழு தலைப் பாம்போ திரையில் வந்தால் போதும், எல்லாம் கிராபிக்ஸ் கணக்கில் போய்விடும். கொஞ்சம் விட்டு விட்டு அசைந்தால் "சுமாரான கிராபிக்ஸ்", வழுவழுவென்று அசைந்தால் "நல்ல கிராபிக்ஸ்". இப்படிச் சொல்லும்போது ஒரு பெரிய கைவேலை மொத்தமாக நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

1963-இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். தங்கக் கம்பளியைத் தேடிக் கடல் கடந்து போகும் கிரேக்க வீரன் ஜேசனின் கதை. அதன் கடைசிச் சண்டையில் தரையைப் பிளந்துகொண்டு ஏழு எலும்புக்கூடுகள் எழுந்து வருகின்றன, கையில் வாளும் கேடயமுமாக. மூன்று மனிதர்கள் அவற்றோடு மோதுகிறார்கள். அந்தக் காட்சியில் கம்ப்யூட்டருக்கு எந்த வேலையும் இல்லை. ஒரு மேசை, சில பொம்மைகள், ஒரு கேமரா, பொறுமையான ஒரு மனிதர். அவர் பெயர் ரே ஹாரிஹவுசன். அவர் என்ன செய்தார் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், இது எது இல்லை

இது பொம்மலாட்டம் இல்லை. பொம்மலாட்டத்தில் கயிறோ குச்சியோ கொண்டு நம் கண்முன்னே பொம்மையை ஆட்டுகிறார்கள். ஆட்டுபவர் நிறுத்தினால் பொம்மையும் நிற்கும். இது முகமூடி மாட்டிய ஆளும் இல்லை. 1954-இல் ஜப்பானில் வந்த முதல் 'காட்ஸில்லா'வில் ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர் இருந்தார், அது வேறு முறை. உள்ளே மோட்டார் வைத்து ஆட்டும் இயந்திரப் பொம்மையும் இல்லை.

ஜேசன் படத்தின் எலும்புக்கூடுகளைப் படம்பிடித்த அந்தந்தக் கணத்தில் அவை அசையவே இல்லை. சிலைபோல நின்றன. அசையாத பொருளை எடுத்த படங்களிலிருந்து அசைவு எப்படி வந்தது? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மாவலியும் நோட்டுப் புத்தகமும்

கார்த்திகை தீபத்தன்று மாவலி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கரித்தூள் முடிச்சில் கனல் ஏற்றிக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால் இருட்டில் ஒரு முழு நெருப்பு வளையம் தெரியும். உண்மையில் அங்கே வளையம் இல்லை. ஒரு கனல் முடிச்சு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒளி கண்ணில் ஒரு கணம் தங்கிவிடுவதால் புள்ளிகள் சேர்ந்து வட்டமாகின்றன.

அடுத்து, பள்ளியில் நோட்டின் ஓரத்தில் வரைந்த விளையாட்டு. ஒரு பக்கத்தில் குச்சி மனிதன் கை கீழே. அடுத்த பக்கத்தில் கை கொஞ்சம் மேலே. இன்னொரு பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மேலே. கட்டை விரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் அவன் கையசைப்பான். இங்கே கண் மட்டும் வேலை செய்யவில்லை, மூளையும் சேர்கிறது. இரண்டு படங்களுக்கும் இடையில் கை எப்படிப் போயிருக்கும் என்று மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

சினிமாவும் இதே நோட்டுப் புத்தகம்தான். ஒரு நொடிக்கு 24 நிலைப்படங்கள் ஓடுகின்றன. அந்த ஒவ்வொரு படத்துக்கும் ஃப்ரேம் என்று பெயர். சாதாரணப் படப்பிடிப்பில் கேமரா நிற்காமல் ஓடி இந்த 24-ஐயும் எடுத்துக்கொள்ளும்.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகனை ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதே வாசற்கதவுப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கிறார்கள். பதினெட்டு வருடம் கழித்து அந்தப் படங்களை வரிசையாகப் புரட்டினால் பையன் கதவோரத்தில் கிடுகிடுவென்று வளர்வான். அவன் வளர்ந்தது போட்டோக்களுக்கு நடுவே கழிந்த நாட்களில், கேமரா பார்க்காதபோது. போட்டோவில் பதிவானது நின்ற நிலை மட்டும்.

ஸ்டாப் மோஷன் இதுதான். கேமராவை நிறுத்தி வைத்து, பொம்மையைத் துளி நகர்த்தி, ஒரு ஃப்ரேம் எடுத்து, மீண்டும் நிறுத்தி, மீண்டும் துளி நகர்த்தி, இன்னொரு ஃப்ரேம் எடுப்பது. ஓட்டிப் பார்க்கும்போது பொம்மை தானாக நடக்கும்.

ஆக, இதுவரை பார்த்தது: ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் பொம்மை அசையாமல் நிற்கிறது, நகர்வு முழுவதும் ஃப்ரேம்களுக்கு நடுவில் நடக்கிறது.

பொம்மைக்குள் என்ன இருக்கிறது?

குழந்தைகள் விளையாடும் பொம்மையை வைத்து இதைச் செய்ய முடியாது. கையைத் தூக்கி விட்டால் அது மெல்ல இறங்கிவிடும். ஒற்றைக் காலில் நிறுத்தினால் சாயும். தேவையானது, வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும் உடம்பு. மேசை விளக்கின் வளையும் கழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளினால் நகர வேண்டும், கையை எடுத்தால் அப்படியே நிற்க வேண்டும்.

இதற்காகப் பொம்மைக்குள் ஓர் உலோக எலும்புக்கூடு வைப்பார்கள். அதன் பெயர் ஆர்மேச்சர். மூட்டுகள் நம் இடுப்பு மூட்டு மாதிரி, ஒரு குழிக்குள் ஒரு குண்டு உருளும். திருகாணியை இறுக்கியும் தளர்த்தியும் மூட்டு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். இதன்மேல் ரப்பரைச் சதைபோல வார்த்து, தோல் நிறம் பூசினால் பூதம் தயார். ஹாரிஹவுசனுக்கு இந்த உலோக வேலையைப் பல படங்களில் செய்து கொடுத்தவர் அவருடைய அப்பாதான். ஆரம்ப காலத்தில் அம்மா பொம்மைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தார்.

அளவிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தின் ராட்சதக் குரங்கு, பெரும்பாலான காட்சிகளில் சுமார் ஒன்றரை அடி உயரப் பொம்மை. நடிகையைப் பிடித்துத் தூக்கும் கை மாதிரியான சிலவற்றை மட்டும் பெரிதாகச் செய்தார்கள். அந்தக் குரங்குக்கு முயல் ரோமம் போர்த்தியிருந்தார்கள். படத்தை உற்றுப் பார்த்தால் ரோமம் காற்றில் சிலிர்ப்பதுபோல இடைவிடாமல் அலையும். அது காற்று இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்திய வில்லிஸ் ஓ'பிரையன் குழுவினரின் விரல் தடம். தொண்ணூறு வருடம் கழித்தும் அவர்கள் கை பட்ட இடம் திரையில் தெரிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

அந்தப் படத்தைப் பதின்மூன்று வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டரில் பார்த்த பையன்தான் ஹாரிஹவுசன். பிறகு அதே ஓ'பிரையனிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1949-இல் வந்த 'மைட்டி ஜோ யங்' படத்தில் குரங்கின் அசைவுகளில் பெரும்பகுதியைச் செய்தார்.

ஜேசன் படத்தின் எலும்புக்கூடுகள் இன்னும் சிறியவை, ஓர் அடிக்கும் குறைவு. சதையே இல்லாத உருவம் என்பதால் ஆர்மேச்சரின் மேல் பஞ்சையும் திரவ ரப்பரையும் சேர்த்துச் சேர்த்து எலும்பு எலும்பாகக் கட்டினார்கள்.

ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு வேலை?

நீங்கள் அந்த மேசை முன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஏழு எலும்புக்கூடுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை என்று ஐந்து உறுப்பு. மொத்தம் 35. எல்லாம் அசையும் ஃப்ரேம் என்றால் 35 இடத்தில் கை வைக்க வேண்டும். முதலாவது எலும்புக்கூட்டின் வாள் கை இறங்கிக்கொண்டிருக்கிறதா, ஏறிக்கொண்டிருக்கிறதா? நான்காவது எந்தக் காலை ஊன்றியிருந்தது? ஆறாவது திரும்பத் தொடங்கி எத்தனை ஃப்ரேம் ஆனது? எல்லாம் நினைவில் இருக்க வேண்டும்.

எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரிய ஒரு எளிய கருவி உண்டு. கனமான அடிப்பாகத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கூரான ஊசி, பட்டறைகளில் அளவு குறிக்கப் பயன்படுத்துவது. பொம்மையின் மூக்கு நுனிக்கு நேராக ஊசியை வைப்பார்கள். தலையை நகர்த்துவார்கள். ஊசிக்கும் மூக்குக்கும் விழுந்த இடைவெளிதான் நகர்ந்த தூரம். அப்புறம் ஊசியை எடுத்துவிட்டு ஃப்ரேமை எடுக்க வேண்டும். மறந்தால் படத்தில் ஊசி நிற்கும்.

இன்று கைபேசியில் எடுத்தால் உடனே ஓட்டிப் பார்க்கலாம். அன்று அந்த வசதி இல்லை. பிலிமைக் கழுவி வந்த பிறகுதான் சரியா தப்பா என்று தெரியும். நடுவில் ஒரு பொம்மை சாய்ந்தாலோ, ஒரு விளக்கு மங்கினாலோ அந்த ஷாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஹாரிஹவுசன் இதைப் பெரும்பாலும் தனியாளாகவே செய்தார். இந்தச் சண்டையில் சில நாட்களில் 13 ஃப்ரேம்தான் முடிந்தது. அதாவது காலையிலிருந்து மாலை வரை நின்று உழைத்ததற்குத் திரையில் அரை நொடி. சில நிமிடச் சண்டைக்குச் சுமார் நாலரை மாதம் பிடித்தது.

மனிதனும் பொம்மையும் ஒரே காட்சியில் எப்படி?

பொம்மை எப்படி நடந்தது என்பது சரி. அது எப்படி ஜேசனுக்கு எதிரே போய் நின்றது? ஜேசனாக நடித்த டாட் ஆம்ஸ்ட்ராங் ஆறடி மனிதர், வெளிப்புறப் படப்பிடிப்பில் நடித்தார். பொம்மை ஓர் அடிகூட இல்லை, ஸ்டுடியோவுக்குள் மேசைமேல் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் இருந்த பழைய போட்டோ ஸ்டுடியோவுக்குப் போகலாம். பின்னால் மலையும் அருவியும் வரைந்த திரைச்சீலை. முன்னால் அட்டையில் வெட்டிய கார். நடுவில் நாம். படத்தில் பார்த்தால் மலைச்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருப்போம். நம்பவைப்பது திரைச்சீலை மட்டும் இல்லை, முன்னால் இருக்கும் அட்டையும்தான். நமக்குப் பின்னாலும் ஒன்று, முன்னாலும் ஒன்று இருப்பதால் நாம் அந்த இடத்துக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

ஹாரிஹவுசனும் பொம்மையை இப்படித்தான் நடுவில் வைத்தார். முதல் வேலை, நடிகர்கள் நடித்த காட்சியைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது. அந்தப் பிலிமைப் பொம்மை மேசைக்குப் பின்னால் ஒரு சிறு திரையில், திரையின் பின்பக்கத்திலிருந்து, ஒரு ஃப்ரேமாக விழவைப்பார். இதற்குப் பேக் புரொஜெக்ஷன் என்று பெயர். இதுதான் நம் திரைச்சீலை. பின்னால் ஜேசன் வாளை ஓங்கிய ஃப்ரேம் நிற்கும்போது, முன்னால் எலும்புக்கூட்டின் கேடயத்தை உயர்த்தி வைத்து, கேமராவில் ஒரு ஃப்ரேம் எடுப்பார். பின்னால் அடுத்த ஃப்ரேம் வரும். பொம்மையை நகர்த்தி இன்னொன்று எடுப்பார்.

முன்னால் வர வேண்டிய அட்டை? அங்கேதான் சாமர்த்தியம். மேசையின் விளிம்பு தெரிந்தால் எல்லாம் பாழ். அதனால் கேமராவுக்கும் பொம்மைக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, பொம்மையின் காலடிக்குக் கீழே உள்ள பகுதியைக் கறுப்பாகப் பூசிவிடுவார். கறுப்பு பட்ட இடத்தில் பிலிமில் எதுவும் பதியாது. அந்தப் பகுதி வெறுமையாகக் காத்திருக்கும். இப்படி மறைக்கும் பகுதிக்கு மேட் என்று பெயர்.

ஷாட் முடிந்ததும் அதே பிலிமைக் கேமராவுக்குள் பின்னோக்கிச் சுற்றுவார். இப்போது மறைப்பை மாற்றுவார். முன்பு பதிந்த மேல்பகுதி கறுப்பு, முன்பு மறைத்த கீழ்ப்பகுதி திறப்பு. பொம்மையை எடுத்துவிட்டு, பின்திரையில் அதே காட்சியை மறுபடி ஓட்டி, தரையும் பாறையும் தெரியும் கீழ்ப்பகுதியை மட்டும் பதிவார். சுவரில் இரண்டு நிறம் அடிக்கப் பெயின்டர் முதலில் ஒரு பாதியை மூடுவார், காய்ந்ததும் அடுத்த பாதியை மூடுவார் இல்லையா? அதே வேலை.

இப்போது பொம்மைக்குப் பின்னால் நிஜ வானம், முன்னால் நிஜத் தரை. 1953-இல் வந்த 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்' படத்திலேயே அவர் இதைச் செய்துவிட்டார். 1958-இல் வந்த 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத்' படத்துக்காக இதற்கு டைனமேஷன் என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தார்கள்.

சுருக்கமாக: நடிகர்கள் பின்திரையில், பொம்மை நடுவில், மறைத்து மறுபடி பதிந்த தரை முன்னால். மூன்று அடுக்கு, ஒரே பிலிம்.

இதில் நடிகர்களின் பங்கை யாரும் பேசுவதே இல்லை. ஜேசனும் அவன் தோழர்களும் யாரோடு சண்டை போட்டார்கள்? முதலில் சண்டைக் கலைஞர்களோடு ஒத்திகை பார்த்தார்கள். அடி எங்கே விழும், வாள் எங்கே மோதும் என்று மனப்பாடமானதும், எதிராளிகள் விலகிவிட்டார்கள். கேமரா ஓடும்போது எதிரே வெறும் காற்று. ஓங்கிய வாளைக் காற்றில் ஓரிடத்தில் சடக்கென்று நிறுத்த வேண்டும், ஏதோ இரும்பில் பட்டதுபோல. மாதங்கள் கழித்து, அந்த வாள் நின்ற அதே ஃப்ரேமில், அதே புள்ளியில், எலும்புக்கூட்டின் வாளைக் கொண்டுபோய் வைப்பார் ஹாரிஹவுசன்.

ஏன் விட்டு விட்டு அசைகிறது?

"ஆனாலும் செயற்கையாகத் தெரிகிறதே" என்பார்கள். உண்மை. காரணம் கவனக்குறைவு இல்லை.

ஓடும் பேருந்தைப் போட்டோ எடுத்துப் பாருங்கள். பேருந்து கொஞ்சம் இழுபட்டு மங்கலாக விழும். கேமரா கண் திறந்திருந்த அந்தச் சிறு நேரத்திலும் பேருந்து நகர்ந்துவிட்டதே. இந்த மங்கலுக்கு மோஷன் பிளர் என்று பெயர். சினிமாவில் நடிகர் கை வீசினால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இந்த மங்கல் இருக்கும், நம் கண் அதைத்தான் வழுவழுப்பான அசைவாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் பொம்மை ஒவ்வொரு ஃப்ரேமிலும் அசையாமல் நிற்கிறது. ஆகவே கத்தி முனைபோலத் தெளிவாகப் பதிகிறது. மங்கல் இல்லாத படங்கள் அடுத்தடுத்து வரும்போது, கண்ணுக்கு அவை தாவித் தாவி வருவதாகத் தோன்றுகிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. பூதம் வரப்போகும் ஷாட்டில் படம் திடீரென்று கொஞ்சம் சொரசொரப்பாக மாறும், நிறம் லேசாக மங்கும். பின்திரையில் விழுந்த படத்தை மறுபடி படம்பிடிப்பதால் வருவது அது.

இந்தக் குறையையே பலமாக்கிய இடம் டாலோஸ். ஜேசன் படத்தில் வரும் பிரம்மாண்டமான வெண்கலச் சிலை. ஹெர்குலிஸ் அதன் பீடத்துக்குள் புகுந்து புதையலில் கை வைத்துவிட்டு வெளியே வருகிறான். கடற்கரை அமைதியாக இருக்கிறது. சட்டென்று உலோகம் கிறீச்சிட, மண்டியிட்ட சிலையின் தலை மெல்லத் திரும்பிக் கீழே பார்க்கிறது. வேறு எந்த அசைவும் இல்லை. சதை உள்ள விலங்கை வழுவழுப்பாக நடக்கவைக்கத் தெரிந்த மனிதர், இங்கே வேண்டுமென்றே விறைப்பாக அசையவிட்டார், வெண்கலம் அப்படித்தானே அசையும்! எலும்புக்கூட்டுக்கும் இது பொருந்துகிறது. சதையில்லாத உடம்பு வெடுக் வெடுக்கென்று நகர்ந்தால் அது குறையாகவே தெரியாது, பயமாகத்தான் இருக்கும்.

நடிப்பது யார்?

பொம்மையை நகர்த்துவதை இயந்திர வேலையாக நினைப்பவர்களுக்கு நான் காட்டும் இடம் ஒன்று உண்டு. எலும்புக்கூடுகள் மண்ணிலிருந்து எழுந்ததும் உடனே பாயவில்லை. உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கேடயத்தை முன்னால் பிடித்து, அடிமேல் அடி வைத்து வருகின்றன. பிறகு ஒரு கிறீச்சிட்ட கூச்சலோடு ஓடி வருகின்றன. அந்தப் பதுங்கல்தான் நம்மை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவருகிறது. முகத்தில் சதை இல்லை, கண் இல்லை, உதடு இல்லை. கோபம் முழுவதும் தோளிலும் முழங்காலிலும் இருக்கிறது. அது ஒரு நடிகரின் முடிவு. ஹாரிஹவுசன் இளம் வயதில் நடிப்புப் பயிற்சிக்குப் போனவர் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

1973-இல் வந்த 'தி கோல்டன் வாயேஜ் ஆஃப் சின்பாத்' படத்தில் ஆறு கைகளோடு ஒரு காளி சிலை உயிர்பெற்று, கைக்கு ஒரு வாள் ஏந்திச் சண்டை போடும். கதையில் காளியைக் கொண்டுவந்த விதம் நமக்கு ஒட்டாது. ஆனால் ஆறு கையும் ஆறு தாளத்தில் போவதைப் பார்க்கும்போது, அதைச் செய்த விரல்களை வணங்கத் தோன்றும்.

அப்புறம் என்ன ஆனது?

ஜேசன் படம் வந்தபோது பெரிய வசூல் இல்லை. சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. 1992-இல்தான் ஹாரிஹவுசனுக்கு வாழ்நாள் பணிக்காக ஒரு கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1981-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' அவருடைய கடைசி முழுநீளப் படம். அதே வருடம் வந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்தில், கேமரா கண் திறந்திருக்கும்போதே மோட்டார்கள் பொம்மையை லேசாக அசைத்து, விடுபட்ட மங்கலைக் கொண்டுவந்தார்கள். 1993-இல் 'ஜுராசிக் பார்க்' வந்ததும் கம்ப்யூட்டர் அந்த இடத்தைப் பிடித்தது. அங்கேகூட, ஸ்டாப் மோஷன் கலைஞர்கள் கையால் நகர்த்துவதற்காக உணர்விகள் பொருத்திய ஓர் ஆர்மேச்சரைச் செய்து, அதன் அசைவைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பினார்கள்.

அடுத்த முறை ஜேசன் படம் கையில் கிடைத்தால் எலும்புக்கூட்டுச் சண்டையில் ஒரு வேலை செய்யுங்கள். ஜேசன் வாளை வேகமாக வீசும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். அவன் வாளும் கையும் மங்கலாக இழுபட்டிருக்கும். எதிரே எலும்புக்கூட்டின் வாள், விலா எலும்புகள், விரல்கள் எல்லாம் துல்லியமாகத் தெரியும். அந்த எலும்புக்கூடு உங்களுக்காக நிற்கவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.